ஒன்பது அட்டை மாத்திரை

அந்த மாத்திரைகளை எண்ணி என் கையில் கொடுத்த அன்று அறையில் ஆறு பேர் இருந்தோம், தம்பி. ஜன்னலோரக் கட்டிலில் சுடலைமுத்து அண்ணாச்சி. நடுக்கட்டிலில் நான். கதவோரக் கட்டிலில் ராமையா. அவருக்குக் காது சுத்தமாகக் கேட்காது, அதற்காக இருந்தவரை இல்லை என்று சொல்லக் கூடாது. நின்றுகொண்டிருந்தவர்கள் மூன்று பேர். உங்கள் டிரஸ்டிலிருந்து வந்த ரெஜினா சிஸ்டர், இல்லத்து மேனேஜர் சங்கரநாராயணன், எங்களைக் குளிப்பாட்டித் துடைத்துவிடும் பேச்சியம்மாள். யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், ஒன்பது அட்டை என்றுதான் சொல்வார்கள். அட்டைக்குப் பத்து. தொண்ணூறு.

மிச்சத்தை வாங்கிப்போகத்தானே வந்திருக்கிறீர்கள்? தருகிறேன். இந்த மாத்திரைக்குக் கடைசியில் கணக்குக் கேட்பார்கள் என்று சிஸ்டர் அன்றைக்கே சொன்னார். கணக்குக்குப் பயந்தவன் இல்லை நான். உட்காருங்கள். அந்தக் கட்டிலில் வேண்டாம், இதில் உட்காருங்கள்.

எனக்குப் பேச வராது. நாலு பேர் கூடினால் நான் தூணுக்குப் பின்னால் நிற்கிற ஆள். ஆனால் நடந்ததைச் சொல்லாமல் மாத்திரையை மட்டும் நீட்டினால் நீங்கள் என்னைப் பற்றித் தவறாக நினைத்துக்கொண்டு போவீர்கள். அதனால் சொல்கிறேன்.

இந்த இல்லத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்காவது மூச்சு மாறினால், இரண்டு நாள் சோறு இறங்கவில்லை என்றால், மேனேஜர் ஆஸ்பத்திரி வண்டிக்குப் போன் போடுவார். வண்டி வந்ததும் நாங்கள் எல்லோரும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வோம். யாரும் சொல்லி வைக்கவில்லை, அப்படியே பழகிவிட்டது. வண்டி கேட்டைத் தாண்டுவதற்குள் பேச்சியம்மாள் மெத்தையைச் சுருட்டி வெயிலில் போட்டிருப்பாள். போனவர் எவரும் திரும்பி வந்ததில்லை. "நம்ம இல்லத்துல பதினோரு வருசமா ஒரு சாவு கெடையாது" என்று மேனேஜர் நன்கொடை கொடுக்க வருகிறவர்களிடம் சொல்வார். உண்மைதான். எங்கள் சாவெல்லாம் பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்துவிடும்.

சுடலைமுத்து அண்ணாச்சி பஸ் கண்டக்டராக இருந்தவர். ஜன்னலுக்கு வெளியே தென்காசி ரோடு. ஹாரன் சத்தத்தை வைத்தே எந்த வண்டி, எத்தனை நிமிஷம் லேட் என்று சொல்வார். அவருக்குப் புற்று எலும்புக்குப் போய்விட்டது. இடுப்பில். புரண்டு படுக்க முடியாது. கேட்பதற்கு ஆள் கிடையாது. அவருக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. "இந்தக் கட்டில்லயே போயிரணும் வே. வண்டில மட்டும் ஏத்த விட்டுராத." என்னிடம்தான் சொன்னார். வேறு யாரிடம் சொல்வார்?

அதற்குத்தான் ரெஜினா சிஸ்டர் வந்தார். கடைசிக் காலத்தையும் இல்லத்திலேயே பார்க்கலாம், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போக வேண்டாம், வலிக்கு மருந்து இருக்கிறது என்று மேனேஜரிடம் பேசினார். மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"சிஸ்டர், நீங்க ரெண்டு வாரத்துக்கு ஒருக்க வருவிய, போயிருவிய. மனுசன் கத்துனா பக்கத்து அறைக்காரங்களுக்குப் பதில் சொல்லுதது நானு."

"வலி இல்லன்னா ஏன் சார் கத்தப் போறாங்க?"

"எல்லாம் நல்லாத்தான் பேசுதிய. சரி, இருக்கட்டும். சத்தம் வராத வரைக்கும் இருக்கட்டும். சத்தம் வந்திச்சு, வண்டி. அப்புறம் என்னையக் கொறை சொல்லக் கூடாது."

அண்ணாச்சி படுத்தபடியே, "ஓய் மேனேஜரே, அந்த வண்டிக்கு டிக்கெட்டு யாரு எடுக்கணும்? நானா, நீரா?" என்றார். பேச்சியம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். மேனேஜர் சிரிக்கவில்லை.

மாத்திரையை யார் வைத்துக்கொள்வது என்று வந்தது. "அபின் சமாச்சாரமெல்லாம் எம் பீரோவுல வேண்டாம்" என்றார் மேனேஜர். பேச்சியம்மாளுக்கு இருபத்திரண்டு பேரைப் பார்க்க வேண்டும். சிஸ்டர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். என் கையில் கடிகாரம் இருந்தது, அதனாலிருக்கும். அண்ணாச்சியும், "அவன்ட்ட குடுங்க தாயி. விடுதி ஸ்டோருல இருந்தவன். ஒரு பருப்பு கொறைஞ்சாலும் தூங்க மாட்டான்" என்றார்.

சிஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். காலை ஆறு, பத்து, மத்தியானம் இரண்டு, சாயங்காலம் ஆறு, ஒவ்வொன்று. ராத்திரி பத்துக்கு இரண்டு. ஆக ஒரு நாளைக்கு ஆறு. பதினாலு நாளைக்கு எண்பத்து நாலு. மிச்சம் ஆறு, இடையில் வலித்தால் கொடுப்பதற்கு. "வலி வந்த பெறகு அதை வெரட்டிக்கிட்டு ஓடக் கூடாது ஐயா. வலி வருததுக்கு முன்னாடியே குடுத்துரணும். அவங்க கேக்காட்டியும் குடுக்கணும்." தலையை ஆட்டினேன். மனதுக்குள் எனக்கு ஒப்பவில்லை. பசிக்கு முன்னால் சோறு போடுகிற வழக்கத்தை நான் எந்த விடுதியிலும் பார்த்ததில்லை. ஆனால் படித்தவர்கள் சொல்கிறார்கள்.

அன்று செவ்வாய்க்கிழமை. காலைப் பத்து மணி மாத்திரையைச் சிஸ்டர் தன் பையிலிருந்தே கொடுத்தார். அது இந்தக் கணக்கில் வராது, என் கணக்கு மத்தியானம் இரண்டு மணியிலிருந்துதான்.

மூன்று நாள் அவர் சொன்னபடியே கொடுத்தேன். பொய் சொல்லக் கூடாது தம்பி, மனுஷன் மாறிப்போனார். புதன்கிழமை தலையணையைச் சாத்தி உட்கார்ந்தார். வியாழக்கிழமை பேச்சியம்மாளைக் கூப்பிட்டு முகம் மழிக்கச் சொன்னார். "கன்னத்துல கீறிராத தாயி, பொண்ணு பாக்கப் போணும்." அவள், "பொண்ணு வீட்டுல சம்மதிக்கணுமே அய்யா" என்றாள். "நம்ம ஸ்டோரு பக்கத்துல நின்னா எனக்கு வயசு கொறைச்சலாத் தெரியும்" என்றார். ராமையாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை, இவர்கள் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரித்தார். இரண்டு இட்லி இறங்கியது.

அன்று சாயங்காலம்தான் போன் வந்தது. பேச்சியம்மாளின் போனில் சிஸ்டர் கூப்பிட்டு என்னிடம் கொடுக்கச் சொன்னார். அண்ணாச்சி எப்படி இருக்கிறார் என்று கேட்டார். சொன்னேன். பிறகு, "அடுத்த தடவை தீபாவளி வாரம் ஐயா. நான் வர முடியாமப் போனாலும் மாத்திரையை ஆள்ட்ட குடுத்து அனுப்பிருவேன். நீங்க கவலைப்படாதீங்க" என்றார்.

கவலைப்படாதீர்கள் என்று சொன்னால்தான் எனக்குக் கவலை வரும். நான் இருபத்தாறு வருஷம் அரசு மாணவர் விடுதி ஸ்டோரில் இருந்தவன். எண்பது பிள்ளைகள். லோடு நாளைக்கு வந்துவிடும் என்பார்கள். லாரி கிளம்பிவிட்டது என்பார்கள். ஆளிடம் கொடுத்து அனுப்பிவிட்டோம் என்பார்கள். அனுப்பிவிட்டோம் என்றவர்கள் அனுப்பியதை நான் எண்ணிச் சொல்லிவிடலாம். அப்படியும் என் காலத்தில் ஒரு நாள் அடுப்பு அணைந்ததில்லை. எப்படி? வார்டன் நூறு கிலோ போடச் சொன்னால் எண்பது போடுவேன். சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருக்கிறது என்று பிள்ளைகள் திட்டியிருப்பார்கள். பட்டினியாக ஒருவன் படுத்ததில்லை. எந்த அதிகாரி எந்தத் தேதியில் வந்து திறந்து பார்த்தாலும் மூட்டையில் மிச்சம் இருக்கும். அதற்காக ஒருமுறை மேடையில் கூப்பிட்டுத் துண்டு போட்டார்கள். எனக்குக் கூச்சம், நான் ஏறவில்லை. கீழேயே வாங்கிக்கொண்டேன்.

அதனால் வெள்ளிக்கிழமை காலையில் உட்கார்ந்து யோசித்தேன். மாத்திரை தீர்ந்து, சிஸ்டரும் வராமல், ஆளும் வராமல் இருந்தால் என்ன ஆகும்? வலிக்கும். வலித்தால் கத்துவார். கத்தினால் வண்டி. ஆக, மாத்திரை தீரக் கூடாது. அவ்வளவுதான். இதில் தப்பு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள். அவரை வண்டியில் ஏற்றாமல் காப்பாற்றுவது என் பொறுப்பு. ஆளும் நன்றாகத்தான் இருந்தார், உட்கார்ந்தார், சிரித்தார். நன்றாக இருக்கிறவருக்கு எதற்கு ஆறு?

மூன்றாக்கினேன். காலை ஆறு, மத்தியானம் இரண்டு, ராத்திரி பத்து. எட்டு மணி நேரத்துக்கொரு தடவை ஒன்று. நேரம் ஒரு நிமிஷம் பிசகாது.

பத்து மணி ஆனதும் அண்ணாச்சி கையை நீட்டினார்.

"இப்ப கெடையாது அண்ணாச்சி. நேரத்தை மாத்தியிருக்கு."

"யாரு, சிஸ்டரா?"

நான் மாத்திரை டப்பாவை மூடி வைத்தேன். கையை மடக்கிக்கொண்டார். "ஸ்டோரு சொன்னாச் சரி."

வெள்ளி பரவாயில்லை. சனிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கெல்லாம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "ஏ ஸ்டோரு, ஒண்ணு தா வே." இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது என்றேன். "சில்லறை இல்லன்னு சொல்லுத கண்டக்டர் மாதிரி பேசுதியேவே" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார். "முப்பது வருசம் நான் எத்தனை பேருக்கு எறங்கும்போது தாரேன்னு சொல்லிச் சில்லறை குடுக்காம விட்டிருப்பேன். எல்லாத்துக்கும் சேத்து ஒன்னைய வச்சு வாங்குதான் பாத்தியா."

ஞாயிற்றுக்கிழமை சிரிப்பு நின்றுவிட்டது. பல்லைக் கடிக்கிற சத்தம் கேட்டது. பக்கத்து அறைக்குக் கேட்கக் கூடாதே என்று என் துண்டைச் சுருட்டிக் கொடுத்தேன். அதைக் கடித்துக்கொண்டார். கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் போகும், நான் துடைத்துவிடுவேன். விசிறிவிடுவேன். அவரை ஒரு நிமிஷம் விட்டுப் போகவில்லை. சாப்பாட்டுக்குக்கூடப் போகவில்லை, பேச்சியம்மாள்தான் தட்டைக் கொண்டுவந்து வைப்பாள். மேனேஜர் வராந்தாவில் நடக்கும்போது செருப்புச் சத்தம் கேட்டால் நான் ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைப்பேன். அவர் கதவருகில் நின்று பார்ப்பார். துண்டை அண்ணாச்சி தலையணைக்குக் கீழே தள்ளிவிடுவார். "என்ன, சொகமா?" "சொகம்." போய்விடுவார்.

இப்படி மூன்று நாள் அவரும் நானும் சேர்ந்து வண்டியைத் தள்ளிப்போட்டோம். மூன்று நாள் லேசா தம்பி?

பேச்சியம்மாள் திங்கட்கிழமையே கேட்டாள். "அய்யா, அந்த சிஸ்டர் ஆறு குடுக்கச் சொன்னாவள்லா?"

"ஆறையும் குடுத்துட்டா அடுத்த வாரம் யாரு தருவா? நீ தருவியா?"

"இந்த வாரம் தாண்டுனால்லா அய்யா அடுத்த வாரம்."

அவளுக்கு அவ்வளவுதான் தெரியும். வருகிற சம்பளத்தை ஐந்தாம் தேதிக்குள் செலவழித்துவிட்டு என்னிடம் காபிப் பொடி கேட்கிறவள். முன்யோசனை என்பதை அவளிடம் எதிர்பார்க்க முடியாது.

புதன்கிழமை வந்தது. அன்றைக்கு ஒரு ஜவுளிக்கடைக்காரர் வீட்டில் அப்பா நினைவு நாளுக்கு எங்களுக்குச் சாப்பாடு போட வந்தார்கள். வடை பாயசத்தோடு. இருபது பேருக்குமேல் குடும்பமாக வந்தார்கள், பிள்ளைகளும் உண்டு. கூடத்தில் இலை போட்டு அவர்கள் கையாலேயே பரிமாறுவார்கள், போட்டோ எடுப்பார்கள். மேனேஜர் காலையிலேயே அறைக்கு வந்து என்னிடம்தான் சொன்னார். "இவங்கதான் புதுக் கட்டடத்துக்குத் தாரேன்னு சொல்லியிருக்காவ. ஒரு மணி நேரம். எனக்காக இல்ல, அவருக்காகச் சொல்லுதேன். சத்தம் மட்டும் வந்திரக் கூடாது."

அவர் போனதும் பேச்சியம்மாள் என் கையைப் பிடித்தாள். என்னை ஒரு பெண்பிள்ளை கையைப் பிடித்து எத்தனையோ வருஷம் ஆகிறது, எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. "இன்னைக்கு மட்டும் ரெண்டு குடுத்திருங்க அய்யா. அந்தத் தனி ஆறு இருக்குல்லா, அதுலேருந்து குடுங்க. இப்ப குடுத்தா அவங்க போற வரைக்கும் தாங்கும்."

எனக்கும் அந்த எண்ணம் வராமல் இல்லை. அட்டையை வெளியே எடுத்துவிட்டேன்கூட. அண்ணாச்சி அட்டையையே பார்த்தார். வாயில் துண்டு, பேச முடியாது. கண்ணை மட்டும் அட்டையிலிருந்து எடுக்கவில்லை.

ஆனால் ஒருநாள் மேனேஜருக்காக, ஒருநாள் விருந்தாளிக்காக என்று கொடுத்துக்கொண்டே போனால் அதற்கு முடிவு ஏது? விடுதியிலும் இப்படித்தான். இன்றைக்கு ஒருநாள் என்றுதான் கேட்பார்கள். அடக்கமாக மூன்று நாள் இருந்தவர் ஒரு மணி நேரம் இருக்க மாட்டாரா? அட்டையைத் திரும்ப டப்பாவில் வைத்தேன். "இன்னும் கொஞ்ச நேரந்தான் அண்ணாச்சி. ரெண்டு மணிக்குக் கரெக்டா குடுத்திருதேன்" என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். சம்மதித்துத்தான் மூடினார்.

பன்னிரண்டே முக்காலுக்கு அந்த வீட்டுப் பையன் ஒருவன் வராந்தாவில் பந்து உருட்டி விளையாடினான். பந்து எங்கள் அறைக்குள் வந்து அண்ணாச்சி கட்டில் காலில் முட்டியது. லேசாகத்தான் முட்டியது. பூப்பந்து மாதிரி. கட்டில் அசைந்ததா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

துண்டு வாயிலிருந்து விழுந்தது. அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை, தம்பி. பன்றியைக் குத்தும்போது கேட்குமே, அதுகூட இல்லை. ராமையா திரும்பிப் பார்த்தார். காது கேட்காத ராமையா. அந்தப் பையன் அழுதுகொண்டு ஓடினான். கூடத்தில் பரிமாறுகிற சத்தம் நின்றுபோனது. நான் துண்டை எடுத்து அண்ணாச்சி வாயில் வைக்கப் பார்த்தேன், கையைத் தட்டிவிட்டார். மேனேஜர் வந்தார். போன் ஏற்கெனவே காதில் இருந்தது.

"சார், ரெண்டு மணிக்கு மாத்திரை இருக்கு சார். குடுத்தா அடங்கிரும்" என்றேன். நான் மேனேஜரிடம் எதிர்த்துப் பேசிய ஒரே நாள் அதுதான்.

"மாத்திரை குடுத்துந்தானவே இப்படி? சிஸ்டர் என்ன சொல்லிச்சு, வலியே இருக்காதுன்னு சொல்லிச்சு. கேட்டேருல்லா?"

அண்ணாச்சி, "கத்த மாட்டேன் ஓய்... கத்த மாட்டேன்... ஏ ஸ்டோரு, சொல்லுவே, கத்த மாட்டேன்னு சொல்லு" என்று சொன்னார். கத்திக்கொண்டேதான் சொன்னார்.

வண்டி வர ஒரு மணி நேரத்துக்குமேல் ஆனது. கதவுகள் சாத்துகிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. நான் சாத்தவில்லை. ஸ்ட்ரெச்சரில் தூக்கும்போது மணி பார்த்தேன், இரண்டுக்கு மூன்று நிமிஷம். மாத்திரையையும் ஒரு டம்ளர் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். வண்டிக் கதவை மூடப் போனார்கள். நிறுத்தச் சொல்லி ஏறி, சரியாக இரண்டு மணிக்கு அவர் வாயில் போட்டேன். தண்ணீர் பாதி கழுத்தில் வழிந்தது, மாத்திரை உள்ளே போய்விட்டது. என்னைப் பார்த்தார். என்னமோ சொல்ல வந்தார். டிரைவர் கதவைச் சாத்திவிட்டான். நேரம் தவறாமல் கொடுத்தேன் என்பதற்குத்தான் ஏதாவது சொல்ல வந்திருப்பார்.

பேச்சியம்மாள் கூடவே வண்டியில் ஏறிவிட்டாள். அதனால் அன்றைக்கு மெத்தையைச் சுருட்ட ஆள் இல்லை. சாயங்காலம் திரும்பி வந்து, வராந்தாவில் பாய் போட்டுப் படுக்க வைத்திருக்கிறார்கள் என்று சொன்னாள். வெள்ளிக்கிழமை தகவல் வந்தது. பக்கத்தில் யாரும் இல்லையாம்.

ரெஜினா சிஸ்டர் அடுத்த செவ்வாய்க்கிழமை வந்தார். பார்த்தீர்களா, தீபாவளி வாரம் வரமாட்டேன் என்றவர் வந்தார். கையில் புது அட்டைகள்கூட இருந்தன. நடுவில் போன் போட்டிருந்தாராம், அண்ணாச்சி போய்விட்டதை யாரும் எடுத்துச் சொல்லவில்லையாம். மேனேஜர் அவரை உட்காரச் சொல்லக்கூட இல்லை.

"தொண்ணூறு மாத்திரை குடுத்தியள்லா? ஒன்பதாம் நாளே கத்துனாரு. வந்தவங்க பாதிச் சாப்பாட்டுல எந்திச்சுப் போயிட்டாவ. இது எங்க இல்லத்துக்குச் சரிப்படாது சிஸ்டர். இனிமே பழையபடிதான்."

சிஸ்டர் என்னிடம் டப்பாவைக் கேட்டார். கொடுத்தேன். திறந்து பார்த்தார். அட்டை அட்டையாகப் புரட்டினார்.

"இவ்வளவு மிச்சமா ஐயா?"

"ஆமா சிஸ்டர்" என்றேன். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. பாராட்டினால் எங்கே பார்ப்பது என்று தெரியாது எனக்கு, தரையைப் பார்த்துக்கொண்டேன்.

மேனேஜர், "என்ன சிஸ்டர், பதில் சொல்லுங்க. ஒங்க மருந்து ஏன் கேக்கல?" என்று நெருக்கினார். சிஸ்டர் ஒருதரம் என்னைப் பார்த்தார், ஒருதரம் மேனேஜரைப் பார்த்தார். பேச்சியம்மாள் என்னமோ சொல்ல வாயெடுத்தாள், சிஸ்டர் அவள் கையைப் பிடித்து அழுத்திவிட்டார். "சிலருக்குக் கேக்காது சார்" என்றார். அவ்வளவுதான். அவரிடம் பதில் இல்லை, பாவம். படித்தவர்களுக்கும் சில நேரம் பதில் இருக்காது.

டப்பாவை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "என்னால எண்ண முடியாது ஐயா. ஆபீஸ்லேருந்து ஆள் வருவாங்க, அவங்கட்ட குடுத்துருங்க." அந்தக் கட்டிலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். அண்ணாச்சி மேல் அவருக்கு அவ்வளவு பிரியம்.

எனக்கு வருத்தம் யார் மேல் தெரியுமா? அந்தப் பந்தை உருட்டிவிட்ட பையன் மேலா? இல்லை, பிள்ளைதானே. மேனேஜர் மேல். பதினைந்து நிமிஷம் பொறுத்திருந்தால்... சரி, ஒரு மணி நேரம். ஒரு மணி நேரம் பொறுத்திருந்தால் இரண்டு மணி ஆகியிருக்கும். சிஸ்டர் மேலும் கொஞ்சம் உண்டு. வருகிறதை வருகிறேன் என்று உறுதியாகச் சொல்லியிருந்தால் நான் அதற்குத் தக்கபடி போட்டிருப்பேன். பேச்சியம்மாள் இப்போது என்னோடு பேசுவதில்லை. சாப்பாட்டுத் தட்டைக் கதவருகில் வைத்துவிட்டுப் போகிறாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்குக் கேட்க வராது.

அதோ பாருங்கள், ராமையா. நேற்றும் இன்றும் சோறு இறங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். மேனேஜர் காலையிலிருந்து இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டார். நீங்கள் உள்ளே வரும்போது அவர் போனில் பேசிக்கொண்டிருந்தாரே, அது வண்டிக்காரனிடம்தான் என்று நினைக்கிறேன்.

அதனால்தான் கேட்கிறேன் தம்பி, தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இதையெல்லாம் நீங்கள் கொண்டுபோக வேண்டாம். ராமையாவுக்கு இதிலே முப்பது விட்டுவிட்டுப் போங்கள். முப்பது போதும். ஒரு மாதம் ஓட்டிக் காட்டுகிறேன்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? சட்டம் விடாதா? சரி, விடாது என்றால் விடாது. நான் வற்புறுத்த மாட்டேன்.

இந்தாருங்கள், எண்ணிக்கொள்ளுங்கள். மூன்று நாளில் பதினாறு. ஐந்து நாள், மூன்று மூன்றாகப் பதினைந்து. புதன்கிழமை இரண்டு. ஒன்றுகூடக் கீழே விழவில்லை, ஒன்றுகூட வீணாகவில்லை. முழு அட்டை ஐந்து, உடைத்த அட்டையில் ஏழு.

ஐம்பத்தேழு.